உலவும் உரிமை

காடு என்றதும் நம் முன்னோர்க்கு அச்சம்; நமக்கோ ஆசை. வேங்கையும் வேழமும் திரியும் இடம், வழிப்பறிக்காரர் பதுங்கும் இடம், ஊரால் விரட்டப்பட்டவன் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய இடம், அதுதான் அன்றைய காடு. இன்றோ, விடுமுறை வந்தால் கட்டுச்சோறும் கையுமாய், குழந்தையைத் தோளிலும் கிழவரைக் கைத்தாங்கலிலுமாய், "காட்டுப்பக்கம் போய் வருவோமா?" என்று புறப்படுகிறோம். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றத்துக்குள்ளே ஒரு கேள்வி ஒளிந்து கிடக்கிறது. மரநிழலில் மனம்போல் உலவுவது இன்பமா, உரிமையா? இன்பமென்றால் காசுள்ளவன் வாங்கலாம், காசற்றவன் ஏங்கலாம். உரிமையென்றாலோ, அதைத் தந்தவர் யார்? எவரிடமிருந்து எடுத்துத் தந்தார்?

இக்கேள்வி ஏட்டிலிருந்து எழுந்ததன்று. ஒரு சாவடியில் எழுந்தது. சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவர் நாற்பதின்மரை மலையடிக் காடொன்றுக்கு அழைத்துச் சென்றோம். சீட்டு வாங்கினோம். தடுப்புக் கட்டை உயர்ந்தது. பிள்ளைகள் ஆர்ப்பரித்து உள்ளே ஓடினர். அதே கட்டையின் மறுபுறம், காட்டுக்குள்ளிருந்து வந்த மூதாட்டி ஒருத்தி, தலையில் ஒரு சுள்ளிக் கட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். காவலர் கட்டை இறக்கச் சொன்னார். அவள் இறக்கினாள். வாதாடவில்லை, அழவில்லை, பழக்கப்பட்டவள் போலும். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நம் கையைப் பற்றி, "ஐயா, அந்தப் பாட்டி சீட்டு வாங்கலையா?" என்றான். நாம் என்ன விடை சொன்னோம்? "சட்டம், தம்பி" என்றோம். ஆசிரியன் விடை தெரியாதபோது சொல்லும் சொற்களுள் அதுவும் ஒன்று!

உலவுதல் என்னும் சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். நம் இலக்கியத்தில் உலா என்றொரு வகை உண்டு. அதிலே உலா வருபவன் எவன்? மன்னன், அல்லது கோயிலில் குடியிருக்கும் தெய்வம். யானைமீது, தேர்மீது, முரசு முன்செல்ல, குடை நிழற்ற வருவான். மக்கள் என்ன செய்வர்? பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவகைப் பருவத்து மகளிரும் தெருவோரம் நின்று பார்ப்பர், பார்த்து உருகுவர். ஒருவன் நடப்பான், ஊர் நிற்கும்! இக்காலத்தில் ஊரே நடக்கிறது. கொல்லனும் கொத்தனும், நெசவாளியும் அவன் துணைவியும், பள்ளிப் பிள்ளையும் பாட்டனும் காலாற நடக்கின்றனர். மன்னனுக்குரியதாயிருந்த உலா மக்களுக்குரியதாயிற்று. இது எளிதில் நடந்ததா? எங்கே, எவ்வாறு நடந்தது? இலண்டன் மாநகரின் வடகிழக்கு எல்லையிலே உள்ள எப்பிங் காட்டின் கதையைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் 'ஃபாரஸ்ட்' என்னும் சொல்லுக்கு முதலில் மரமடர்ந்த இடம் என்பது பொருளன்று. அரசனுடைய வேட்டைச் சட்டம் செல்லும் எல்லை என்பதே பொருள். வயலும் மேடும் சிற்றூரும்கூட அதற்குள் அடங்கும். அவ்வெல்லைக்குள் மான் மேயலாம். மானை விரட்ட உழவனுக்கு உரிமையில்லை. மானுக்குத் தந்த மதிப்பு மனிதனுக்கில்லை! 1217-ஆம் ஆண்டில், சிறுவனாயிருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரால் காட்டுப் பட்டயம் ஒன்று வெளியாயிற்று. அரசனின் மானை வேட்டையாடிய குற்றத்துக்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கவேண்டாம் என்றது அது. அப்படியானால் அதற்கு முன்பு என்ன வழக்கம் என்பதை நாம் விளக்கவேண்டுவதில்லை.

எப்பிங் காடும் அத்தகைய அரச வேட்டைக்காடே. எட்டாம் ஹென்றி வேட்டையைக் கண்டுகளிக்க 1543-இல் எழுப்பிய மரமாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் மன்னன் வேட்டையாடிய அதே காட்டில் குடியானவனுக்கும் பங்கு இருந்தது. மாடு மேய்க்கும் உரிமை. குளிர்காய விறகு வெட்டும் உரிமை. இவை எழுத்தில் வந்ததைவிட வழக்கில் நின்றவை. தந்தை வெட்டினான், தனயன் வெட்டுகிறான் என்னும் ஒரே ஆவணத்தில் நின்றவை.

லௌட்டன் என்னும் ஊரார்க்கு விந்தையான வழக்கம் ஒன்று. நவம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவில் தொடங்கி, ஏப்ரல் 23-ஆம் நாள் வரை அவர்கள் மரக்கிளைகளை வெட்டிக்கொள்ளலாம். அடிமரத்தைத் தொடக்கூடாது, ஆள் உயரத்துக்கு மேலே கிளைத்த கொம்புகளை மட்டுமே கழிக்கவேண்டும். நள்ளிரவு மணி அடித்ததும் யாராவது ஒருவர் கோடரியை ஓச்சித் தொடங்கவேண்டும். ஓராண்டு எவரும் தொடங்காவிடில் உரிமையே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஆகவே நிலத்தலைவர் ஓரிரவு, அதே நவம்பர் இரவு, ஊராரை அழைத்து வயிறார விருந்தும் வாயார மதுவும் வழங்கினாராம், மணி பன்னிரண்டாவது மறந்துபோகட்டும் என்று! விருந்தின் நடுவே ஒருவர் மட்டும் நழுவிச் சென்று, கிளையொன்றை வெட்டி, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விருந்து மண்டபத்தில் போட்டாராம். உள்ளூரில் வழங்கும் கதை இது. கதையிலே கைச்சரக்கு எவ்வளவு என்பதை ஆராய நாம் முற்படவில்லை. ஊர் ஏன் அக்கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது என்பதே நமக்கு வேண்டியது.

கிளையைத் தூக்கி வந்தவராகச் சொல்லப்படுபவர் தாமஸ் வில்லிங்கேல். விறகு வெட்டிப் பிழைத்த உழைப்பாளி. அவரை எதிர்த்து நின்றவரோ ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்டு. ஊரின் நிலமெல்லாம் அவர் ஆளுகை; அதுமட்டுமா, ஊரின் பாதிரியாரும் அவரே! ஞாயிறன்று மேடையேறி, பிறர் பொருளை விரும்பாதே என்று போதிப்பவர், 1860-களில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை வேலி கட்டி வளைத்தார். ஏழை கிளையைக் கழித்தால் களவு. எசமான் காட்டையே கவர்ந்தால் காணி! வில்லிங்கேலின் உறவினர் மூவர் வழக்கம்போல் வெட்டப் போயினர். 1866-இல் சிறைக்குப் போயினர்.

சிறை பயன் தந்தது, வேறு வகையில். பொதுநிலங்களைக் காப்பதற்கென்று 1865-இல் இலண்டனில் ஒரு கழகம் தோன்றியிருந்தது. அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதில் உறுப்பினர். அக்கழகம் தோள்கொடுக்க, வில்லிங்கேல் நிலத்தலைவர்மீது வழக்குத் தொடுத்தார். கோடரி பிடித்த கை கோர்ட்டுப் படியேறிற்று. தீர்ப்பைக் காணுமுன் 1870-இல் அவர் மறைந்தார். வழக்கும் அவரோடு சாய்ந்தது.

பிறகு வந்தது இலண்டன் மாநகராட்சி. அதற்கு அங்கே என்ன உரிமை? கேட்டால் வியப்பீர்கள். நகரத்தின் இறந்தோரைப் புதைக்க, காட்டின் தென்முனையில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கி, 1856-இல் இடுகாடு திறந்திருந்தது மாநகராட்சி. அந்த நிலத்தோடு மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. "எங்கள் மாடு மேய வேண்டிய காட்டை இவர்கள் வேலியிட்டு விட்டார்கள்" என்று 1871-இல் வழக்கிட்டது. 1874-இல் நீதியரசர் ஜார்ஜ் ஜெசல், 1851-க்குப்பின் எழுந்த வேலிகளெல்லாம் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தார். செத்தோருக்காக வாங்கிய நிலம் வாழ்வோருக்குக் காட்டை மீட்டுத் தந்தது!

1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் பிறந்தது. வேலியின்றி, கட்டடமின்றி, மக்கள் இளைப்பாறி மகிழ்வதற்குரிய திறந்த வெளியாக அக்காட்டை என்றென்றும் வைத்திருக்கவேண்டும் என்று மாநகராட்சியைக் கட்டுப்படுத்திற்று அது. 1882 மே 6-ஆம் நாள் விக்டோரியா அரசியார் நேரில் வந்து காட்டை மக்களுக்கென்று அறிவித்தார். இதன் அருமை அறிய வேண்டுமானால் அருகிலிருந்த ஹைனால்ட் காட்டின் கதியை நோக்கவேண்டும். 1851-இல் சட்டம் போட்டு அதன் காப்பை நீக்கினர். சில கிழமைகளுக்குள் மரங்கள் மண்ணில் கிடந்தன. வேர்களைப் பிடுங்க எந்திரம் வந்தது. எஞ்சிய துண்டை மக்களுக்காக மீட்டது 1906-இல்தான்.

யாருக்குப் பயன்பட்டது இந்த வெற்றி? கிழக்கு இலண்டனின் சந்துகளுக்கு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர், தீக்குச்சி ஆலையில் கைவெந்த பெண்கள், ஒற்றை அறையிலே ஒன்பது உயிராய் நெருங்கிக் கிடந்த குடும்பங்கள். 1871-இல் பொதுவிடுமுறைச் சட்டம் வந்திருந்தது. 1873-இல் காட்டின் விளிம்பிலுள்ள சிங்ஃபோர்டுக்கு இரயிலும் வந்தது. நாள் கிடைத்தது, வழி கிடைத்தது, இடமும் கிடைத்தது. மரமென்றால் தெருவில் நட்ட கம்பமென்று கருதி வளர்ந்த குழந்தை, வானத்தை இலைகளினூடே பார்த்தது. இன்றும் ஏறத்தாழ 6,000 ஏக்கர். நகரின் நெருக்கத்திலிருந்து நாட்டுப்புறம் வரை 12 மைல் நீளம். நுழைவுச் சீட்டு கிடையாது. எவரும் எந்நேரமும் நடக்கலாம். கிழக்கு இலண்டனில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களும் ஞாயிறன்று அங்கே உலவலாம். அவர்களை எவரும் எவர் நிலம் என்று கேட்பதில்லை.

இதுவரை கதை இனிக்கிறது. இங்கேயே நிறுத்திவிட்டால் நாம் உண்மையை ஏய்த்தவராவோம்.

1878-ஆம் ஆண்டுச் சட்டம் மக்களுக்கு உலவும் உரிமையைத் தந்தது. தந்த அதே சட்டம் லௌட்டன் மக்களின் விறகு உரிமையை எடுத்துக்கொண்டது! ஆம், எவருடைய பிடிவாதத்தால் வழக்கு முளைத்ததோ, எவர் சிறை சென்றதால் ஊர் விழித்ததோ, அவருடைய கோடரி தடைசெய்யப்பட்டது. ஈடாகப் பணம் தந்தார்கள். அதன் பெரும்பகுதியைக் கொண்டு 1884-இல் ஊருக்கு ஒரு மண்டபம் எழுந்தது. கிளைவெட்டு மண்டபம் என்றே அதற்குப் பெயர். வாயிலுக்கு மேலே, கிளை வெட்டும் உழைப்பாளர்களைச் சுடுமண்ணில் சிற்பமாக்கி வைத்தனர். உரிமை காட்டை விட்டுப் போயிற்று. உருவம் சுவரிலே ஏறிற்று. மண்டபம் நல்லதுதான், படிக்கலாம், பேசலாம். குளிருக்கு மண்டபத்தையா எரிப்பது?

இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். விறகு ஒருசில குடும்பங்களின் நலம். உலா பல்லாயிரவர் நலம். பலர் நலத்துக்காகச் சிலர் நலத்தை விட்டுக்கொடுப்பது அறமே என்பர். எண்ணிப் பார்த்தால் இவ்வாதத்தில் வலு இல்லாமலில்லை. ஆயினும் ஒன்று கேட்போம். விட்டுக்கொடுத்தவன் யார்? எப்பொழுதும் அவன்தானா? பலர் நலம் என்னும் தேர் புறப்படும்போதெல்லாம் சக்கரத்தடியில் ஏன் விறகுக்காரனின் கால்தான் அகப்படுகிறது? மாளிகைக்காரரின் தோட்டம் ஏன் அகப்படுவதில்லை? ஒருவன் தன் தேவையைத் துறந்து பிறர் இன்பத்துக்கு வழிவிடுகிறான் என்றால், அவனுக்கு அடுப்பெரிய வேறு வழி செய்வது உலவ வருவோரின் கடன். தொகை கொடுத்துத் தீர்த்துவிட்டோம் என்பது கணக்கர் பேச்சு.

இன்னொரு வாதமும் உண்டு. படித்தவர் நாவில் அடிக்கடி வருவது. பொதுச் சொத்தைப் பாழாக்குவது மனித இயல்பு. எல்லாருக்கும் உரியதை எவரும் காப்பதில்லை. ஆகவே தனியாரிடமோ அரசிடமோ ஒப்படைத்துவிடு என்பது. காரெட் ஹார்டின் என்னும் அறிஞர் 1968-இல் இதைக் கட்டுரையாக எழுதிப் புகழ் பெற்றார். எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் ஊர் ஊராகக் கண்ட உண்மைகளைத் தொகுத்து, மக்களே விதி வகுத்து, மக்களே காவல் நின்று, பொதுநிலத்தை நெடுங்காலம் காத்த இடங்கள் பலவுண்டு என்று 1990-இல் நூலாகக் காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் பெற்றார். அவ்வம்மையாரைத் தேடிப் போகுமுன்னே லௌட்டன் விறகுக்காரனின் விதியைப் பாருங்கள். குளிர்காலத்தில் மட்டும் வெட்டு. கிளையை மட்டும் வெட்டு. அடிமரத்தைத் தொடாதே. இது பாழாக்குபவன் பேச்சா?

காடே இதற்குச் சான்று பகர்ந்தது. கிளை கழிக்கப்பட்ட மரங்கள் பருத்து, குட்டையாகி, பன்னூறாண்டு வாழ்ந்தன. அத்தகைய முதுமரங்கள் 50,000-க்கும் மேல் இன்றும் அங்கே உள. வெட்டு நின்றபின் என்னவாயிற்று? கொம்புகள் தழைத்துத் தழைத்து மேலே கூரையிட்டன, வெயில் தரையைத் தொடவில்லை, அடியிலே பூத்த செடிகள் மங்கின, வண்ணத்துப்பூச்சிகள் குறைந்தன, தலைக்கனம் தாங்காமல் கிழமரங்கள் பிளந்தன. கோடரியை விரட்டினால் காடு செழிக்கும் என்றெண்ணியோர் ஏமாந்தனர். நூறாண்டு கழித்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காவலர்களே கூலியாள் வைத்துக் கிளை கழிக்கத் தொடங்கினர். வில்லிங்கேல் செய்தால் குற்றமாயிருந்தது, கல்லூரியில் கற்றவர் செய்யும்போது காட்டுப் பாதுகாப்பு ஆயிற்று!

உலவுவோரும் குற்றமற்றவர் அல்லர். ஆயிரம் காலடி மிதித்த பாதையில் மண் இறுகும். இறுகிய மண்ணில் வேர் மூச்சுத் திணறும். கிழமரத்தின் அடியில் நின்று படமெடுக்கும் ஆர்வலர் அதன் வேரின்மேல் நிற்பதை உணர்வதில்லை. நம் ஊர்களில் நாம் விட்டுவரும் ஞெகிழிப் பைகளைப் பற்றிச் சொல்லவே நா கூசுகிறது. சுள்ளி எடுத்தவள் காட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுபோனாள். நாம் ஒன்றை விட்டுவந்தோம். எது பெருங்கேடு?

இங்கிலாந்திலும் எல்லாம் பெற்றாயிற்று என்று எண்ணிவிட வேண்டா. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில், தடையை மீறி நடந்த ஆலைத்தொழிலாளர் கூட்டத்திலிருந்து ஐவர், கலகக் குற்றச்சாட்டின்பேரில், சிறை சென்றனர்.  அந்தச் சூட்டிலே கனிந்துதான் 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. அதே மேட்டுநிலம் 1951-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குள் அடங்கிற்று. 2011-இல் அரசு, பொதுக்காடுகளைத் தனியாரிடம் விடலாமா என்று கேட்டுப் பார்த்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு எதிர்த்தனர். பிப்ரவரியில் அரசு பின்வாங்கிற்று. காலாற நடந்தவன் காட்டுக்காகக் கையெழுத்தும் போடுவான் என்பதற்கு இது போதாதா? உலா வெறும் பொழுதுபோக்கென்று இகழ்வோர்க்கு நாம் சொல்லும் விடை இதுதான்: பார்த்திராத ஒன்றை மனிதன் காக்கமாட்டான்.

இனி, மூதாட்டியிடம் திரும்புவோம். அவளை நாம் மறந்துவிடவில்லை.

எப்பிங் காட்டை மக்களுக்கென்று அறிவித்த 1878-ஆம் ஆண்டிலேயே, அதே அரசியாரின் ஆட்சியில், இந்தியாவுக்கும் ஒரு காட்டுச் சட்டம் பிறந்தது. அது சென்னை மாகாணத்தைத் தொடவில்லை. நமக்கென்று தனிச்சட்டம் 1882-இல் வந்தது. 1882! அரசியார் எப்பிங் காட்டுக்கு எழுந்தருளிய அதே ஆண்டு. அங்கே, இக்காடு உங்களுடையது, வேலி கிடையாது என்றனர். இங்கே, இக்காடு அரசினுடையது, இசைவின்றி நுழைவது குற்றம், மாடு மேய்ப்பது குற்றம் என்றனர். தலைமுறை தலைமுறையாகச் சுள்ளி பொறுக்கியவள் ஒரே கையெழுத்தில் அத்துமீறியவள் ஆனாள். அங்கும் விறகுக்காரன் தோற்றான். ஆனால் அவனுக்கு ஒரு மண்டபமாவது மிஞ்சியது, உலவ ஒரு காடாவது மிஞ்சியது. இங்கே அதுவுமில்லை. கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் மரம் வேண்டியிருந்தது ஆள்வோருக்கு. நிழல் வேண்டியவர் கணக்கில் வரவில்லை.

ஆள்வோர் மாறினர், 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாடு வனச்சட்டம் என்னும் பெயரோடு இன்றும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்கும் காட்டை நம்பி வாழ்வோர்க்கும் செய்த அநீதியை ஒப்புக்கொண்டது. தேனும் கிழங்கும் போன்ற சிறுபொருள்களை எடுக்கும் உரிமையை ஏற்றது. பெரிய செயல், பாராட்டுவோம். ஆனால் பழங்குடியல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்கவேண்டும். எழுதப் படிக்க அறியாதவள் எந்த ஏட்டைக் காட்டுவாள்? அவள் பாட்டியும் சுள்ளி பொறுக்கினாள் என்பதற்குச் சாம்பலைத் தவிர வேறென்ன சாட்சி?

புலி வாழும் அடர்காட்டை எல்லார்க்கும் திறந்துவிடு என்று நாம் வாதிடவில்லை. யானைக்கும் வழி வேண்டும். சில இடங்களில் மனிதன் நுழையாதிருப்பதே அறம். எப்பிங்கில் யானை இல்லை. நம் மலைகளில் உண்டு. அந்த வேறுபாட்டை அறியாதவர் நாமல்லர். ஆனால் யானைக்காக அடைத்த கதவு சீட்டு வாங்கியவனுக்குத் திறக்கிறதே! திறந்த பிறகு யானையின் பெயரைச் சொல்லலாமா? திறப்பதானால் அடிவாரத்தாளுக்கும் அளவறிந்து திற; காய்ந்த கொம்புக்கு நாள் குறி, எல்லை குறி, அவளையே காவலுக்கும் அழை. அடைப்பதானால் நமக்கும் அடை. நம் பிள்ளைகள் ஊர் ஏரிக்கரையில் உலவட்டும். அங்கேயும் நாரை வரும்.

திரும்பி வந்த மறுநாள் வகுப்பிலே, கரும்பலகையில் 1878, 1882 என்று இரண்டு ஆண்டுகளை எழுதி, இவ்வளவையும் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு சொன்னோம். வில்லிங்கேல் கிளையைத் தூக்கிவந்த கதைக்குக் கைதட்டினர். எல்லாம் முடிந்தபின் அதே சிறுவன் எழுந்தான். "ஐயா, இறக்கி வச்ச கட்டை அப்புறம் யார் எடுத்துக்கிட்டா?"

நாம் அதைப் பார்த்து வரவில்லை.